கடலில் வைக்க முடியாத பெட்டி

ஜூன் 3

அன்புள்ள அக்கா,

உன் எண்ணுக்கு அடித்தால் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் சொல்கிறாள். மாமாவின் எண்ணுக்கு அடித்தால் அதே பெண் அதே குரலில் அதையே சொல்கிறாள். குடும்பமாகச் சேர்ந்து என்னைத் தலைமுழுகிவிட்டீர்களா, அல்லது இரண்டு போனும் ஒன்றாகத் தண்ணீரில் விழுந்துவிட்டனவா? அதனால்தான் இந்தக் காகிதமும் பேனாவும். கையால் எழுதி எவ்வளவு காலமாயிற்று, விரல் வலிக்கிறது.

நாவல் ஓடுகிறது அக்கா. நிஜமாகவே ஓடுகிறது. காப்பீட்டு அலுவலகத்தில் பிறர் விபத்துகளைக் கோப்பில் கட்டிக் கட்டி வைக்கும் என் மேசைக்கு, என் பெயரே தெரியாத மேலாளர் நேற்று தானாக வந்தார். "ஏம்ப்பா, நீதானா அது? என் வீட்ல ரெண்டு நாளா யாரும் என்கூடப் பேசல. உன் புக்கைத்தான் வச்சிட்டு உக்காந்திருக்காங்க."

நீ கொலைக் கதை படிக்க மாட்டாய் என்பதால் சொல்கிறேன். பெட்டி வேட்டைக்காரன் ஒருவன். மாமாவும் அவர் கூட்டாளிகளும் செய்வது போலவே சின்னப் பெட்டியை எங்காவது ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுகிறான். மற்றவர்கள் தேடி வந்து திறக்கிறார்கள். மாமாவின் பெட்டியில் பொம்மை இருக்கும். இவன் பெட்டியில் கொலையுண்டவளின் ஏதோ ஒரு பொருள் இருக்கும். அவனுக்குப் பகலில் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை.

வாசகர்கள் எழுதுவதைக் கேள். 'இனி எங்கள் ஃபிளாட் லிஃப்டில் தனியாக ஏற மாட்டேன்' என்கிறாள் ஒருத்தி. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், 'கொலைகாரன் யாரென்று பாதியிலேயே தெரிந்துவிட்டது, ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன்' என்கிறார். இன்னொருவருக்கு ரத்தம் ஆகாதாம், பெட்டி தேடும் பக்கங்களை மட்டும் படித்தாராம், அருமையாம். இதையெல்லாம் மாமாவுக்குப் படித்துக் காட்டு. அவர் இல்லாமல் அந்தப் பக்கங்கள் இல்லை. அச்சுக்கு முன் அவற்றின் ப்ரூஃபை மட்டும் அனுப்பியபோது வேட்டை பற்றிய தப்பையெல்லாம் உட்கார்ந்து திருத்தித் தந்தவர் அவர்தானே. அவருக்காக ஆறு பிரதிகள் அனுப்பியிருக்கிறேன்.

போனை எடுங்கள், தயவுசெய்து.

உன் தம்பி


ஜூன் 11

தம்பி,

பார்சல் வந்தது. பிரிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

போன் தண்ணீரில் விழவில்லை. நாங்கள்தான் சிம்மைக் கழற்றிப் போட்டோம். "சார், அடுத்த பெட்டி எங்கே?" என்று ஒருவன் கேட்பான். சில பேர் மூச்சு மட்டும் விடுவார்கள். ஒரு பெண் சிரித்துக்கொண்டே, "என்னைக் கொல்லுங்க சார், ப்ளீஸ்" என்றாள். பின்னால் ஒரு கூட்டமே சிரித்தது. அவர் போனை என்னிடம் கொடுத்து, "யாருக்கோ ராங் நம்பர் போல, நீ பேசு" என்றார். உன் மாமாவுக்கு அவ்வளவுதான் புரிகிறது.

உன் புத்தகத்தில் ஓரிடத்தின் எண்கள் இருக்கிறதாமே. அதைப் போனில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். பழைய தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், தடுப்புச் சுவரில் போய் நின்றிருக்கிறது. கல்லை நகர்த்தினால் பெட்டி. அவர் வைத்த முதல் பெட்டி. உள்ளே இருக்கும் தாள் சுருளில் மேலே அவருடைய வேட்டைப் பெயர், சுண்டெலி. அந்தப் பெயரை இணையத்தில் தேடினால் கம்பெனிச் சட்டையோடு அவர் படமும் போன் எண்ணும். லிஃப்ட் மெக்கானிக், பெட்டி, அதே இடம். அவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை ஒரு ஜோடி வாசலில் வந்து நின்றது. நல்ல செருப்பு, நல்ல வாசனை. "ஆன்ட்டி, சும்மா ஒரு செல்ஃபிதான். அங்கிளைக் கொஞ்சம் முறைக்கச் சொல்லுங்களேன்." அவர் வெயிலில் வந்திருக்கிறார்களே என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் படமும் வந்துவிட்டது. 'குடிக்காதீங்க' என்று கீழே எழுதியிருக்கிறார்களாம். துணிக்கடையில் என்னோடு பில் போடுகிறவள் காட்டினாள். அவளும் சிரித்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

அவள்தான் சில பக்கங்களைப் படித்தும் காட்டினாள். பிஸ்கட்டை நாலாக உடைத்துத் தின்பது, பேச்சு வராதபோது காதைத் தடவுவது, ஸ்க்ரூடிரைவரைத் துடைக்காமல் பையில் போடமாட்டாத கை. எல்லாம் எடுத்துக்கொண்டாய். என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாய், இல்லையா? யாருக்கும் முகம் ஞாபகம் இருக்காத ஆள் என்று வேறு எழுதியிருக்கிறாய். இப்போது தெருவுக்கே ஞாபகம் இருக்கிறது, சந்தோஷமா?

எனக்கு இரண்டு விஷயம் வேண்டும். அந்த இடத்தை ஏன் போட்டாய், சொல். அது இவர் இல்லை என்று எழுது. ஒளித்து மறைத்து எழுதாமல், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுது. இவர் ஏறி இறங்குவது அடுத்தவர் வீட்டு லிஃப்டில். அவர்கள் வேண்டாம் என்று சொன்னால் எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை.

அக்கா


ஜூன் 17

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை அலுவலகக் கழிவறையில் நின்று படித்தேன். வெளியே வந்தபோது மேலாளர் தன் மனைவிக்காக ஒரு பிரதியை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். போட்டேன். பெயரில் ஓர் எழுத்தைத் தவறவிட்டு மறுபடி போட்டேன். பேனா சரியில்லையா என்று கேட்டார்.

அந்த இடத்தை நான் போடவில்லை. நான் எழுதிய எண்கள் நடுக்கடலில் போய் விழும். யாரும் தோண்டிக்கொண்டு போகக்கூடாது என்று வேண்டுமென்றே அப்படி வைத்தேன். பதிப்பகத்துக்கு ஓடிப்போய்ப் பழைய ப்ரூஃபைப் புரட்டினேன். என் எண்களின் மேல் ஒரு கோடு. பக்கத்தில் நீல மையில் குண்டு குண்டான எழுத்தில் வேறு எண்கள். யார் எழுத்து என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாமா திருத்தினால் சரியாகத்தான் இருக்கும் என்று பார்க்காமலே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். ஏன் அப்படிச் செய்தார் என்று அவரிடம் கேள். கோபமாகக் கேட்காதே.

எழுதச் சொன்னாய், எழுதினேன். கொலைகாரன் என் கற்பனை, நீங்கள் தேடிப் போகும் வீட்டுக்காரர் என் அக்காவின் கணவர், ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர், அவரை விட்டுவிடுங்கள் என்று என் இணையப் பக்கத்தில் போட்டேன். அதற்கு வந்த பதில்கள்: 'எழுத்தாளர் கில்லாடி, மறுப்பையே துப்பாக வைக்கிறார்.' 'அக்கா கணவராம், அடுத்த பாகத்துக்கு வழி போடுகிறார்.' ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தையும் சேர்த்துப் படித்தால் ரகசியம் வரும் என்று ஒருவன் சொல்ல, இன்னொருவன் சேர்த்துப் பார்த்திருக்கிறான். ஒன்றும் வரவில்லை. 'அதுதான் சந்தேகமாக இருக்கிறது' என்று எழுதியிருக்கிறான். இவர்களிடம் எந்த மொழியில் பேசுவது?

பதிப்பாளரிடம் சண்டை போட்டேன். "தம்பி, கொட்டிக் கொடுத்தாலும் இப்படி விளம்பரம் வராது. கொஞ்ச நாள் வாயை மூடிட்டு இரேன்" என்றார். கடைசியில், அடுத்த அச்சில் எண்களை மாற்ற ஒப்புக்கொண்டார்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், அதற்காக நீ இந்தக் கடிதத்தைக் கிழித்தாலும் சரி. லிஃப்ட் மெக்கானிக்கை நான் கேலிக்காக எடுக்கவில்லை. எத்தனை வருடம் வந்துபோனாலும் இந்த ஆட்களின் முகத்தை எந்த வீட்டுக்காரனும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அந்த ஆத்திரத்தில்தான் எழுதினேன். அதைப் படித்துவிட்டு என்ன எழுதுகிறார்கள் தெரியுமா? 'இந்த மாதிரி ஆட்களை வளாகத்துக்குள் விடுவதே தப்பு. நல்ல விழிப்புணர்வு நூல்.' நான் யாரை அடிக்கக் கை ஓங்கினேனோ அவன் கை தட்டுகிறான். அடி மாமாமேல் விழுகிறது.

தம்பி


ஜூன் 28

தம்பி,

கோபமாகத்தான் கேட்டேன். அவர் காதைத் தடவினார்.

"கடல்ல பெட்டி வைக்க முடியுமா?" என்றார். "படிக்கிறவங்க யாராவது தேடிப் போனா ஏமாந்து போயிட மாட்டாங்களா? நம்ம பையன் புக்குல பொய் நம்பர் வரலாமா? அதான் நம்ம முதல் பெட்டியையே குடுத்துட்டேன். போறவங்களுக்கு ஒரு சந்தோஷம்."

எனக்குச் சிரிப்பதா, சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. அவர்கள் கூட்டத்தில் தப்பான எண்ணைப் போடுகிறவனைத் திருடன் மாதிரி ஒதுக்கிவைப்பார்கள். பெட்டி ஒளித்துவிட்டு வந்தபிறகும் வேறு நேரத்தில் போய், எண் சரிதானா என்று பார்க்கிறவர் இவர். உன் கதையில் இத்தனை பேர் செத்தது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. எண் தப்பாக இருந்ததுதான் உறுத்தியிருக்கிறது. இந்த மனுஷனைத்தான் பார்த்து ஊர் பயப்படுகிறது.

சின்னவள் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது அவள் அப்பாவோடு போய், அந்தப் பெட்டியிலிருந்து ஒரு பொம்மையை எடுத்துக்கொண்டு, பதிலுக்குத் தலையிலிருந்த சிவப்பு கிளிப்பைப் போட்டுவிட்டு வந்தாள். அதுதானே அவர்கள் விளையாட்டு, ஒன்றை எடுத்தால் ஒன்றை வை. அந்தக் கதையை அவள்தான் உனக்குச் சொன்னாள், உன் மடியில் உட்கார்ந்து. உன் புத்தகத்துப் பெட்டியிலும் சிவப்பு கிளிப்தானாம். உன் வாசகர்கள் கிளிப்பைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் போலீசில் கொடுத்துவிட்டார்கள்.

ஸ்டேஷனிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். எதிர்வீட்டுக்காரரை சார் என்றார்கள், இவரை வாடா என்றார்கள். "யார் செத்தது?" என்று நான் கேட்டேன். "யாரும் சாகலம்மா. ஆனா காணாமப் போனவங்க இருக்காங்கல்ல, பார்க்கணும்." சின்னவள் முன்னால் போய், "அது என் கிளிப்" என்றாள். "இப்படிச் சொல்லச் சொல்லி யார் சொன்னாங்க பாப்பா?" என்று கேட்டார்கள். அவள் என் பின்னால் வந்து ஒளிந்துகொண்டாள். பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறாள். பக்கத்தில் உட்கார்கிறவளை அவள் அம்மா இடம் மாற்றிவிட்டாளாம்.

இவர் லிஃப்ட் பார்க்கிற குடியிருப்பில் சங்கக் கூட்டம் போட்டார்கள். செயலாளர் தனியாகக் கூப்பிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க, எங்க வீட்டுப் பொண்ணுங்க தனியா ஏறி இறங்குறாங்க" என்றாராம். அதே செயலாளரின் அம்மா இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டு மூச்சுத் திணறியபோது, குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்கி வெளியே விட்டவர் இவர். அதைச் சொன்னீர்களா என்று கேட்டேன். "அவருக்கே தெரியுமே, அதை எப்படி நம்ம வாயால சொல்றது?" என்கிறார்.

கம்பெனியில் கொஞ்ச நாள் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

நீ இங்கே வராதே. நீ வந்தால் அதையும் படம் எடுப்பார்கள்.

அக்கா


ஜூலை 8

அக்கா,

வராதே என்றாய். வந்தேன். உன் வீட்டுக்கு இல்லை, தொட்டிக்கு.

பெட்டியை எடுத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அவ்வளவு மடத்தனமான யோசனை வேறு இல்லை. சுவரின் பக்கம் போவதற்குள் வரிசையே நின்றிருந்தது. தேர்வு எழுத வந்தவர்கள் போல ஆளுக்கொரு பிரதியைக் கையில் வைத்திருந்தார்கள். தொட்டிக் கம்பியில் யாரோ பூங்கொத்து கட்டியிருக்கிறார்கள், என் நாவலில் சாகும் பெண்களுக்கு. நிஜமாக எந்தப் பெண் செத்தாலும் இவர்கள் வீட்டிலிருந்து ஒரு பூ வராது.

என்னைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கை தட்டினார்கள். நான் கல்லை நகர்த்திப் பெட்டியை எடுத்தபோது, ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சாட்சியத்தை அழிக்க வந்தீங்களா சார்?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். "இது ஒரு மனிதனின் வாழ்க்கை" என்றேன். "டயலாக் சூப்பர் சார், அடுத்த பார்ட்டா?" என்றாள் ஒருத்தி. பெட்டியைத் தூக்கி வந்துவிட்டேன். மறுநாளே அங்கே வேறு பெட்டி. அவர்களே வைத்துக்கொண்டார்கள். சுண்டெலி என்று அவர்களே எழுதியும் கொண்டார்கள்.

காவல் நிலையத்துக்கும் போனேன். கிளிப் விஷயத்தை எழுத்தில் கொடுத்தேன். அதிகாரி கவனமாகப் படித்துவிட்டு, இழுப்பறையிலிருந்து என் புத்தகத்தை எடுத்தார். "நான் இன்னும் முடிக்கல, முடிவைச் சொல்லிடாதீங்க" என்றார். பிறகு நாற்காலியை இழுத்துக்கொண்டு, "இருந்தாலும் ஒண்ணு கேக்கறேன். எங்கேயோ பார்த்திருந்தாத்தானே சார் இவ்வளவு தத்ரூபமா எழுத வரும்?" என்றார். எவ்வளவு சொன்னாலும் மனிதர் என் கற்பனையைப் பாராட்டத் தயாராக இல்லை.

இரண்டாம் அச்சு வந்துவிட்டது. எண்களை எடுத்துவிட்டு வெறும் கோடு போட்டிருக்கிறார்கள். 'எடுத்தார்கள் என்றால் உண்மை என்றுதானே அர்த்தம்' என்று பேச்சு. முதல் அச்சைத் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

ஊர் திரும்புமுன் உன் தெருவில், எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் நின்றேன். மாமா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். சின்னவளின் சீருடையை உதறி உதறி மடிப்பு எடுத்தார். கீழே பார்த்திருந்தால் கையசைத்திருப்பேன். அவர் இப்போது கீழே பார்ப்பதில்லை போலிருக்கிறது.

தம்பி


ஜூலை 22

தம்பி,

நீ நின்றதை நான் பார்த்தேன். மாவுக் கையோடு ஜன்னலில் இருந்தேன். கூப்பிட வாய் வந்தது. கூப்பிடவில்லை.

போலீஸ் விட்டுவிட்டது. காணாமல் போனவர்களில் யாரும் இந்தக் கிளிப்பைத் தேடவில்லை என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு இவ்வளவு நாள் ஆயிற்று. இவர்மேல் ஒன்றும் இல்லை என்று ஒரு தாளும் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டுக் கம்பெனிக்குப் போனார். மேனேஜர் நல்ல மாதிரிதான். உட்காரவைத்து டீ கொடுத்திருக்கிறார். "நீங்க ஒண்ணும் பண்ணலன்னு எனக்குத் தெரியும். லிஃப்ட்ல ஏறுறவங்களுக்கு நான் தாளைக் காட்டிட்டே நிக்க முடியுமா, சொல்லுங்க" என்றாராம். சட்டையையும் சாவிக் கொத்தையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். வேறு கம்பெனிகளிலும் கேட்டார். பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். முன்பெல்லாம் யாராவது நிமிர்ந்து பார்த்தால் நன்றாக இருக்குமே என்று நான் நினைத்திருக்கிறேன்.

வீட்டிலிருக்கும் எல்லாவற்றுக்கும் எண்ணெய் விட்டு முடித்துவிட்டார். மின்விசிறி, கதவுக் கீல், என் தையல் இயந்திரம். அடுத்த வீட்டுக் கதவு கிறீச்சிடுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். போய் எண்ணெய் விடக் கை பரபரக்கிறது. போகமுடியாது.

அப்புறம், கட்டிலுக்கு அடியிலிருந்த பார்சலை அவரே பிரித்தார். முழுதும் படித்தார். விரலை வைத்து, வரி வரியாக. நான் பயந்துகொண்டே இருந்தேன். முடித்துவிட்டு மூடி வைத்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கான்" என்றார்.

"அவ்வளவுதானா?" என்றேன்.

"ஒண்ணுதான் இடிக்குது. அவனுக்கு ஏன் வீட்ல யாருமே இல்ல? ஒரு பொண்டாட்டி, ஒரு பொண்ணு குடுத்திருக்கலாம். சாயங்காலம் வந்து சாப்பிட்டியான்னு கேக்க ஆள் இருந்தா அவன் இவ்வளவு தூரம் போயிருக்க மாட்டான்."

உனக்கு எத்தனையோ பேர் கடிதம் எழுதுகிறார்களாமே. இதையும் சேர்த்துக்கொள்.

அக்கா


ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்கா,

மாமா கேட்டதற்குக் காரணம் உண்டு. யாருமற்றவனாக வைத்தால்தான் வாசகர்கள் தயங்காமல் வெறுப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரியாகத்தான் வந்திருக்கிறது.

இப்போது ஒரு நல்ல செய்தி. அதைச் சொல்லத்தான் அவசரமாக எழுதுகிறேன். ஒரு செய்தித்தாளின் ஞாயிறு இதழ் எனக்கு முழுப் பக்கம் தருகிறது. என் இணையப் பக்கத்தை விளையாட்டு என்று நினைக்கிறவர்கள் செய்தித்தாளில் வருவதை அப்படி நினைக்க மாட்டார்கள். எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட்டேன். நான் வைத்த கடல் எண், மாமா அதைத் திருத்திய காரணம், சின்னவளின் கிளிப், போலீஸ் கொடுத்த தாள், சங்கச் செயலாளரின் அம்மா. அலங்காரம் ஒன்றும் வைக்கவில்லை. அந்த இதழின் ஆசிரியர் ஒரு அம்மா, கெட்டிக்காரர், கறார் ஆள். ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் கேட்டார். பதிப்பகத்திலிருந்து ப்ரூஃப் பக்கத்தின் படத்தையே எடுத்துக் கொடுத்தேன், நீல மையோடு. "இதுக்கப்புறமும் நம்பலன்னா அவங்களுக்கு மூளையே இல்லன்னு அர்த்தம்" என்றார்.

இந்த மாதக் கடைசி ஞாயிறு வரும். இவ்வளவு நாளில் முதல் முறையாக நேற்று நன்றாகத் தூங்கினேன். அது வெளிவந்ததும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு மாமா எந்தக் கம்பெனி வாசலிலும் போய் நிற்கலாம். நானும் கூட வருகிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 11

தம்பி,

அந்தக் கட்டுரையை நிறுத்து.

முழுதும் படித்துவிட்டுக் கோபப்படு. உன் நாவலை வைத்து ஒரு ஆள் ஊர்சுற்றிக் காட்டுகிறான். சின்ன பஸ் வைத்திருக்கிறான். வாசகர்களை ஏற்றிக்கொண்டு, கதையில் வரும் இடங்கள், படிக்கட்டுகள் என்று காட்டிவிட்டுக் கடைசியில் தொட்டிக்குக் கூட்டிவருகிறான். அவன் வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே செருப்பைக் கழற்றினான். எல்லோரும் உரிமையோடு கேட்டதை இவன் ஒருத்தன்தான் கெஞ்சிக் கேட்டான். "நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்ண்ணே. சும்மா அங்க உக்காந்திருந்தாப் போதும். வர்றவங்க பார்ப்பாங்க."

நான் துடைப்பத்தைத் தேடினேன். இவர், "எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டுவிட்டார்.

போய்க்கொண்டிருக்கிறார். சம்பளம் லிஃப்டில் வாங்கியதைவிடக் குறைவில்லை, மாதம் பிறந்ததும் கையில் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். கம்பெனிச் சட்டை திருப்பிக் கொடுத்தாயிற்று இல்லையா, அதே நிறத்தில் நான்தான் ஒன்று தைத்தேன். மார்பில் கம்பெனிப் பெயர் இருந்த இடத்தைச் சும்மா விட்டுவிட்டேன். பஸ்காரன் கத்தி ஒன்று வைத்துக்கொள்ளச் சொன்னானாம். அது மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டார். முறைக்கத்தான் வரவில்லை. சின்னவள் சொல்லிக் கொடுக்கிறாள். "அப்பா, கண்ணைச் சுருக்கு. பல்லைக் காட்டாதே. பல்லைக் காட்டினா நீ அப்பா மாதிரி இருக்கே." இருவரும் கண்ணாடி முன் நின்று பழகுகிறார்கள். இத்தனை நாள் கழித்து அந்தப் பெண் சிரித்தாள் தம்பி. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அவளைப் பக்கத்து வட்டாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறோம். அப்பா என்ன வேலை என்று கேட்டால், சுற்றுலா என்று சொல்கிறாளாம். பொய்யில்லையே.

நீ எழுதியது அத்தனையும் உண்மை, எனக்குத் தெரியும். நான்தான் உன்னை எழுதச் சொன்னேன், அதுவும் தெரியும். அது வந்து எல்லோரும் நம்பிவிட்டால், தொட்டிக்கு யார் வருவார்கள்? ஒன்றும் செய்யாத மனுஷனைப் பார்க்க யார் பஸ் ஏறுவார்கள்? லிஃப்ட் கம்பெனிக்காரன் அதைப் படித்துவிட்டு ஐயோ பாவம் என்பான். வேலை தரமாட்டான். உனக்கு நம்பிக்கை இருக்கிறது, உன் வயசு அப்படி. எனக்கு மாதம் பிறந்தால் வாடகை.

இவருக்கு இது எதுவும் தெரியாது. கட்டுரை வரப்போகிறது என்று தெரிந்தால் சந்தோஷப்படுவார், அதுதான் எனக்குப் பயம். நிறுத்திவிட்டு எழுது.

அக்கா


ஆகஸ்ட் 16

அக்கா,

நிறுத்திவிட்டேன்.

உன் கடிதம் கிடைத்த அன்றே செய்தித்தாள் அலுவலகத்துக்குப் போனேன். கட்டுரையைப் பக்கமாக அடுக்கி முடித்திருந்தார்கள், ப்ரூஃப் படத்தோடு. ஆசிரியர் அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "மிரட்டுறாங்களா?" என்றார். இல்லை என்றேன். "பதிப்பகம் ஏதாவது கொடுத்ததா?" இல்லை என்றேன். "அப்புறம் என்னதான் காரணம்? ஒரு நிரபராதியோட விஷயம்னு நீங்கதானே என் உயிரை எடுத்தீங்க?"

காரணத்தைச் சொன்னால் அதுவே செய்தியாகிவிடும். பக்கத்தை எடுத்துவிடுங்கள் என்று மட்டும் மறுபடி சொன்னேன்.

அவர் பக்கத்தை இழுத்து மெதுவாக மடித்தார். பிறகு குரலைத் தணித்து, ரொம்ப அனுதாபத்தோடு கேட்டார்: "அப்போ அது அவர்தானா?"

இல்லை என்று நான் சொல்லவில்லை அக்கா.

தம்பி